நோயைவிடச் சிகிச்சையைத்தான் சினிமா தவறாகக் காட்டுகிறது

கேள்வி: 'அந்நியன்', 'சந்திரமுகி', '3' மாதிரிப் படங்களில் வரும் மனநோய் எவ்வளவு தூரம் உண்மை? அவற்றைப் பார்த்து நோயைப் புரிந்துகொள்ளலாமா?

நோயின் பெயரைப் படம் மாற்றிச் சொல்வது சின்னப் பிழைதான். நோய் எப்படித் தொடங்கும், ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன செய்வார்கள், எத்தனை நாளில் சரியாகும் என்பதைத் தப்பாகக் காட்டும்போதுதான் குடும்பங்கள் அடிபடுகின்றன. பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்த பிறகும் "கரண்ட் வைப்பாங்க", "கட்டிப் போட்டுடுவாங்க" என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை ஊட்டியதில் திரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் நோயின் தொடக்கத்திலிருந்தே வருகிறேன்.

நம் படங்களில் மனநோய் ஒரே அடியில் வரும். 'சேது'வில் தலையைக் கல்லில் மோதுகிறார்கள். 'மூன்றாம் பிறை'யில் கார் விபத்து. 'காதல்' படத்தில் அடியும் பிரிவும் சேர்ந்து முருகனைத் தெருவுக்குக் கொண்டுவருகின்றன. நாயகன் நாயகிக்கு நோய் வந்தால் அதற்கு வெளியிலிருந்து ஒரு காரணம் வேண்டும் என்பது எழுதப்படாத விதி. யாரோ செய்த கொடுமையால் வந்தது என்றால்தான் நாம் அழுவோம், காரணமே இல்லாமல் வந்தால் தயங்குவோம் என்று கதாசிரியர்கள் நினைக்கிறார்கள். தலைக்காயத்தால் மூளை பாதிக்கப்படுவதும், பேரிழப்புக்குப் பிறகு மனம் உடைவதும் உண்மையில் நடப்பவைதாம். ஆனால் மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். ஆண்களுக்குப் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவரை, பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி. முதலில் தூக்கம் கெடும். பிறகு குளிப்பது குறையும். நன்றாகப் படித்த பையனுக்கு அரியர் விழும். நண்பர்கள் வந்தால் அறையை விட்டு வெளியே வரமாட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பான், சாப்பாட்டில் எதையோ கலந்திருப்பதாகச் சந்தேகப்படுவான். இப்படியே மாதங்கள் ஓடும், சிலருக்கு வருஷங்களும் ஓடும். வீட்டில் சோம்பேறித்தனம் என்பார்கள், காதல் தோல்வி என்பார்கள், செல்போனைப் பிடுங்கி வைப்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். நோய் தொடங்கியதற்கும் முதல் மாத்திரைக்கும் நடுவில் உள்ள இந்தக் காலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பலன் நன்றாக இருக்கும். அதைப் பொறுமையாகக் காட்டிய வெகுஜனப் படம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

அடுத்தது பிரமை. ஸ்கிசோஃப்ரீனியாவில் அதிகம் வருவது குரல்கள். இரண்டு பேர் தன்னைப் பற்றி வம்பு பேசுவதுபோல, அல்லது செய்வதையெல்லாம் ஒருவர் விவரிப்பதுபோல, "இப்ப எழுந்திரிக்கிறான் பாரு, கதவைத் திறக்கிறான்" என்று கேட்கும். இல்லாத ஆள் நேரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வசனம் பேசுவது அரிது. சினிமா கண்ணுக்கான கலை, அதனால் குரலை ஆளாக மாற்றிவிடுகிறது. அதன் நிர்ப்பந்தம் புரிகிறது. ஆனால் இதற்கொரு விளைவு உண்டு. "எனக்கு ஆள் யாரும் தெரியலையே, சத்தம்தானே கேக்குது, அப்ப இது அது இல்ல" என்று நோயாளியும் வீட்டாரும் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவில் இவ்வளவு வித்தை தெரிந்த நம் ஆட்கள் நினைத்தால், பின்னிருக்கைப் பக்கமிருந்து ஒரு கிசுகிசுப்பை மட்டும் வரவைத்தே தியேட்டரை உறைய வைக்கலாம்.

ஸ்கிசோஃப்ரீனியா என்றால் 'ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள்' என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது வேறு நோய். 'அந்நியன்' படத்தில் வரும் அம்பி, ரெமோ, அந்நியன் மூவரும் ஒருவரே என்பது பன்முக ஆளுமைப் பிறழ்வு. படம் பெயரைச் சரியாகத்தான் சொல்கிறது, சிறுவயதுத் துயரத்தோடு முடிச்சுப் போட்டதும் சரியான திசை. இந்த நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமையோடு சேர்ந்தே காணப்படுகிறது. தவறுவது அடுத்த கட்டத்தில். நிஜத்தில் இந்த நோயாளியிடம் தெரிவது மறதி, நேரம் தொலைந்துபோவது, "இதை நான் வாங்கவே இல்லையே" என்ற குழப்பம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது. எருமை மந்தையையும் கொதிக்கும் எண்ணெயையும் ஏற்பாடு செய்து, கருட புராணத் தண்டனைக்கு இணையதளம் நடத்தும் திட்டமிடல் அந்தக் குழப்பத்திலிருந்து வராது.

நிஜ நீதிமன்றத்திலும் படத்தில் போல அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு, கேட்பது ஒன்றைத்தான்: செயலைச் செய்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்று அறியும் திறன் அவருக்கு இருந்ததா? நோய் இருக்கிறது என்ற மருத்துவச் சான்று மட்டும் அதற்குப் போதாது. இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. சிகிச்சை முடிந்து வெளியே வந்த நாயகன் கடைசியில் ரயிலில் மறுபடி ஒருவனைக் கொல்கிறான், நோயை மறைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று படம் முடிகிறது, தியேட்டர் கைதட்டுகிறது. வார்டிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று யோசித்தால் அந்தக் கைதட்டல் உறுத்தும்.

'சைக்கோ' என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். சைக்கோபாத் என்று சொல்லப்படுபவருக்கு நினைவு தெளிவாக இருக்கும். பிறர் வலி உறைக்காது. குரல் எதுவும் கேட்காது. சைக்கோசிஸ் என்பது யதார்த்தத்தோடு தொடர்பு அறுந்த நிலை. அதில் இருப்பவர் பெரும்பாலும் பயந்துபோய்ச் சுருண்டு கிடப்பவர். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) காலம் முதல் இன்றைய தொடர்கொலைப் படங்கள் வரை இந்த இரண்டையும் ஒரே ஆளுக்குள் ஒட்டிவிடுகிறார்கள். கொலைகாரனின் கொடூரத்துக்கு முதல் வகை, அவனுடைய விநோத நடத்தைக்கு இரண்டாம் வகை. ஒட்டியதன் பலனை அனுபவிப்பவர் மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் சீட்டோடு வரிசையில் நிற்பவர். கடுமையான மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அதிகம்.

'சந்திரமுகி'யும் 'அந்நியன்' வந்த அதே 2005-இல், இரண்டு மாதம் முன்னால் வந்த படம். மூலம் 1993-இல் வந்த மலையாள 'மணிச்சித்திரத்தாழ்'. பேய் பிடித்ததாக எல்லோரும் நம்பும் இடத்தில், "இது பேயில்லை, நோய்" என்று சொல்லும் மனநல மருத்துவரை நாயகனாக்கியது பெரிய துணிச்சல். அதற்கு முன்னும் பின்னும் வந்த எத்தனையோ பேய்ப் படங்கள் செய்யாததை அது செய்தது. நோய்க்கும் உண்மையோடு தொடர்பு உண்டு: தன் அடையாளம் போய் வேறொருவர் ஏறிக்கொண்டதாக உணரும் நிலையை மருத்துவம் ஏற்கிறது. கோயில் கொடையில், எல்லோரும் எதிர்பார்க்கும் நேரத்தில் சாமி வந்து, முடிந்ததும் இறங்கிவிட்டால் அது நோயில் சேராது. சடங்குக்கு வெளியே, விரும்பாமலே, அடிக்கடி வந்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் சிகிச்சை தேவைப்படும். ஆனால் குணமாகும் விதம்? ஒரே இரவு, ஒரு நாட்டியம், ஒரு பொம்மை எரிப்பு, காலையில் கங்கா பழைய கங்கா. நிஜத்தில் இந்த வகை நோய்க்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் பேச்சுவழிச் சிகிச்சை நடக்கும். 'மூன்றாம் பிறை'யிலும் வைத்தியர் ஒரே நாளில் குணமாக்கிவிடுகிறார். கேத்தி ரயில் நிலையக் காட்சியை யாரும் மறக்க முடியாது, ஆனால் அந்தக் கண்ணீருக்கு அடித்தளம் அந்த ஒருநாள் வைத்தியம்.

இப்போது 'ஷாக் ட்ரீட்மென்ட்'. திரையில் இதைவிட மோசமாகக் காட்டப்பட்ட சிகிச்சை வேறில்லை. நினைவோடு இருப்பவரை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, அவர் அலற, வில்லன் டாக்டர் பொத்தானைத் திருக, விளக்கு மினுக்கும். நடப்பது இது. முந்தைய இரவிலிருந்து சாப்பாடு இல்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். நகை, பல்செட் கழற்றப்படும். கையில் ஊசி வழி மயக்க மருந்து போகும், நோயாளி தூங்கிவிடுவார். பிறகு தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் போகும். முகமூடி வழியாக ஆக்சிஜன், பல்லுக்கு நடுவே ரப்பர் கட்டை. நெற்றிப்பொட்டில் சில நொடிகள் மின்சாரம். அது மூளையில் வலிப்பை உண்டாக்கும், 20 முதல் 60 நொடி வரை நீடிக்கும். உடம்பு துள்ளாது. தசைகள் தளர்ந்து கிடப்பதால் கால் விரல்கள் லேசாக அசைவது மட்டும் தெரியும். அதுகூடத் தெரியாமல் போகலாம் என்பதால் ஒரு காலில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாமல் தடுத்து வலிப்பைக் கவனிப்பார்கள். கால்மணி நேரத்தில் கண் விழிப்பார். தலைவலி இருக்கும், ஒரு மணி நேரம் குழப்பமாக இருக்கும், அந்த வாரங்களில் நடந்த சில விஷயங்கள் நினைவில் இல்லாமல் போகலாம். இந்த மறதி உண்மையான குறைதான், முன்கூட்டியே சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறையாக மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு தடவை. சாப்பிடாமல் பேசாமல் கல்போல் கிடப்பவர், தற்கொலை எண்ணம் தீவிரமாகி மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாதவர், இவர்களுக்கு இதைவிட விரைவாகப் பலன் தருவது குறைவு.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து இல்லாமல் நேரடியாக ஷாக் கொடுக்கும் முறை இந்தியாவில் வெகுகாலம் இருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 95-ஆம் பிரிவுதான் அதைச் சட்டப்படி தடை செய்தது. ஆகவே பழைய படங்கள் முழுக்கக் கற்பனை செய்துவிட்டன என்று சொல்ல முடியாது. இன்றைய கதையில், இன்றைய ஆஸ்பத்திரியில் அதைத் தண்டனையாகக் காட்டுவதுதான் பொய்.

அதே பிரிவு சங்கிலியையும் தடை செய்கிறது, எந்த வடிவத்திலும். 'சேது' வந்தது 1999 டிசம்பரில். அதில் வரும் பாண்டி மடத்தையும் சங்கிலியில் பிணைக்கப்பட்டவர்களையும் பார்த்துத் தமிழ்நாடே அழுதது, தேசிய விருதும் கிடைத்தது. இரண்டு வருஷம் முடிவதற்குள், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். படம் காட்டியது பொய்யில்லை என்று அந்தத் தீ சொன்னது. ஆனால் படத்தில் அந்த மடம் சேதுவின் சோகத்துக்குப் பின்னணி. அது ஏன் இருக்கிறது, யார் நடத்துகிறார்கள், அந்த ஊரில் மருத்துவர் ஏன் இல்லை என்ற கேள்வி கதைக்குள் வருவதில்லை. முடிவில் நாயகன் தானாகவே மடத்தின் வண்டியில் ஏறிக்கொள்கிறான். அந்தக் காட்சி என்ன கனம் கனக்கிறது! ஆனாலும் அது சங்கிலியை விதியாக்கிவிடுகிறது.

இன்று அதே சட்டப்படி ஒருவரை அவர் விருப்பமில்லாமல் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதல் சேர்க்கை அதிகபட்சம் 30 நாள். அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிட நோயாளிக்கு உரிமை உண்டு. சொத்துக்காக அண்ணன் தம்பியைப் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்' தள்ளும் காட்சியை இனி எழுதுபவர் இந்தத் தடைகளை அந்த அண்ணன் எப்படித் தாண்டினான் என்றும் எழுத வேண்டும். அப்போது கதையும் கூர்மையாகும்.

நடிப்பிலும் ஒரு தவறு காலங்காலமாக வருகிறது. மனநோயாளி என்றால் கையை ஆட்டாமல், சின்னச் சின்ன அடியாக வைத்து, விரல் நடுங்க, வாயோரம் எச்சில் வழிய, முகத்தில் அசைவே இல்லாமல் நடப்பார். இதைப் பயிற்சி எடுக்க நடிகர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். அங்கே பார்ப்பது பல நேரம் நோயை அல்ல, மருந்தின் பக்கவிளைவை. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் சிலருக்குப் பார்க்கின்சன் நோய் மாதிரியான விறைப்பைத் தரும். மருந்தின் அளவைக் குறைத்தால், மருந்தை மாற்றினால், அல்லது ட்ரைஹெக்சிபெனிடில் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். ஆக, ஒரு நாளும் மாத்திரை பார்த்திராத கதாபாத்திரம் அப்படி நடந்தால் அது பிழை. வீட்டில் இருப்பவருக்கு இப்படி வந்தால், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், மருந்தைத் தானாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

'3' (2012) படத்தில் ராமுக்கு இருமுனைப் பிறழ்வு, பைபோலார். ஒரு பக்கம் உற்சாகம் அளவு மீறிப் பொங்குதல், மறுபக்கம் மனச்சோர்வில் மூழ்குதல். பொங்கும் கட்டம் என்று சொல்ல அறிகுறிகள் குறைந்தது ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும், மூழ்கும் கட்டத்துக்கு இரண்டு வாரம். ஒரே காட்சிக்குள் சிரித்து, அறைந்து, அழுவதை இந்தப் பெயரால் அழைப்பதில்லை. கடுமையான கட்டத்தில் பிரமைகள் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் படம் அவற்றைப் பேய்ப்படத்தின் ஒலியோடு தருகிறது, கூடவே மனைவியிடம் மறைத்தே வைத்தியத்தை நடத்துகிறது. இந்த நோயில் மனைவியைவிட நல்ல காவல் இல்லை. மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுவதுதான் பொங்கும் கட்டத்தின் முதல் அடையாளம், அதைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கவனிப்பார். இந்த நோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள், பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிக்காத விரதம், உப்பைத் திடீரென்று நிறுத்துவது, எல்லாமே அந்த அளவை ஆபத்தாக ஏற்றும். இதெல்லாம் வீட்டில் தெரிந்திருந்தால் இந்த நோயோடு வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி வாழலாம், வாழ்கிறார்கள். படத்தில் அவன் இறந்துவிடுகிறான். தற்கொலையை விரிவாகக் காட்டாதீர்கள், அதையே ஒரே முடிவாகக் காட்டாதீர்கள், உதவி தேடி மீண்டவரைக் காட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திரைத்துறையினருக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. சிகரெட் பற்றவைத்தால் திரையின் மூலையில் எச்சரிக்கை வருகிறது. அதே இடத்தில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, போட எந்தச் செலவும் இல்லை. இலவச அழைப்பு, தமிழிலும் பேசலாம்.

மருத்துவர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இர்விங் ஷ்னைடர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1987-இல் ஹாலிவுட் படங்களின் மனநல மருத்துவர்களைக் கோமாளி, கொடியவர், அற்புதர் என்று மூன்றாகப் பிரித்தார். நம் படங்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. கைக்கடிகாரத்தை ஆட்டி மெஸ்மரிசம் செய்து ரகசியத்தைக் கறப்பவரை நிஜ ஓ.பி.யில் பார்க்க முடியாது. அங்கே தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, சாக எண்ணம் வருகிறதா என்று கேட்பார்கள், தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள்.

நகைச்சுவைதான் எனக்கு அதிகம் வலிப்பது. தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பது, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது. 1794-இல் தொடங்கி இன்றுவரை லட்சக்கணக்கானோர் சிகிச்சை பெற்ற மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயர் வசவாகிவிட்டது. மகளை அங்கே கூட்டிப்போகத் தயங்கும் தாய்க்கு அந்தப் பெயர்தான் முதல் தடை. 2024 ஜூலை 8-இல், ஒரு படம் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்ததாகத் தொடுக்கப்பட்ட நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கோடு போட்டது: மாற்றுத்திறனைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு. மனநோயும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவாக இருக்கிறது, அறிவுத்திறன் குறைபாடு தனிப் பிரிவாக இருக்கிறது. 'தெய்வத்திருமகள்' கிருஷ்ணாவுக்கு இருப்பது இரண்டாவது. அவனை மனநோயாளி என்று விமர்சனங்கள்கூட எழுதுகின்றன.

நன்றாகச் செய்தவையும் இருக்கின்றன. 'ஓ காதல் கண்மணி'யில் பவானிக்கு அல்சைமர். மறதி நோய் மூளையின் தேய்வு என்றாலும் இங்கே சொல்லத் தகும். வீட்டுக்கு வழி மறந்து நிற்கிறார், கணவர் சலிக்காமல் தேடிப் போகிறார், குணமாகும் என்று யாரும் பொய் சொல்வதில்லை. 'காதல்' படத்தின் கடைசியில், தெருவில் கிடக்கும் முருகனை ஐஸ்வர்யாவின் கணவன் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறான். அந்தச் சின்னச் செயலுக்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. மலையாளத்தில் 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) இன்னும் ஒரு படி மேலே. "என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று சஜியே தம்பியிடம் கேட்கிறான். மருத்துவரைக் கட்டிக்கொண்டு அழுகிறான். சங்கிலி இல்லை, மின்சாரம் இல்லை, மெஸ்மரிசம் இல்லை. ஒரு முரட்டு ஆண், தானாக வாய்விட்டு உதவி கேட்பது இவ்வளவு இயல்பாகத் திரையில் வந்தது பெரிய விஷயம்.

கதை எழுதுபவர்கள் ஒரு மனநல மருத்துவரிடம் காட்சியைக் காட்டினால் மட்டும் போதாது, மருத்துவர் நோயின் பெயரைத்தான் திருத்துவார். நோயாளி ஒருவரிடமும், அவரைப் பார்த்துக்கொள்பவர் ஒருவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். மாத்திரையை எந்த நேரம் சாப்பிடுகிறார், உடம்பு எத்தனை கிலோ ஏறியது, எந்தத் திருமணத்துக்குக் கூப்பிடவில்லை, முதல் சம்பளத்தை என்ன செய்தார் என்று கேட்டால் இடைவேளைக்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் தேவையான காட்சிகள் அங்கேயே கிடைக்கும். அந்த மணி நேரத்தில் மாத்திரை வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகட்டும். இரண்டாம் வாரத்தில் நோயாளி மாத்திரையைத் தூக்கி எறியட்டும், நிஜத்தில் அதுதான் நடக்கிறது. முதல் தடவை வந்த சைக்கோசிஸுக்கே தேறிய பிறகும் ஒன்றிரண்டு வருஷம் மருந்து தொடர வேண்டியிருக்கும். "அதான் நல்லாயிட்டானே, எதுக்கு இன்னும் மாத்திரை?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்கும் இடத்தில் அந்தக் கதையின் உண்மையான திருப்பம் இருக்கிறது.